தொலைந்துபோன தெருமுனை: ‘வாட்ச்மென்’ காமிக்ஸ் திரைப்படமான நிகழ்வின் ஆய்வு

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படமாக வரும்போதெல்லாம் வாசகர்களுக்குள் ஒரு வாக்குவாதம் கிளம்பும். புத்தகத்தில் இருந்தது திரையில் அப்படியே இருக்கிறதா என்பதுதான் அதன் மையம். இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்க 2009-இல் வெளியான ‘வாட்ச்மென்’ மிகப் பொருத்தமான நிகழ்வு. மூலக்கதையின் கட்டங்களை இவ்வளவு பக்தியோடு திரைக்குக் கொண்டுவந்த படங்கள் குறைவு. அப்படியிருந்தும் புத்தகத்தை நேசித்தவர்களில் பலருக்கு நிறைவு கிட்டவில்லை. குறைந்துபோனது எது, எந்த முடிவு அந்தக் குறைக்கு வழிவிட்டது என்பதை இங்கே கால வரிசையில் பார்க்கிறோம். படைப்பாளிகளைப் பெயரால் சொல்லாமல் அவர்கள் வகித்த பொறுப்பால் குறிப்பிடுகிறோம். கதையின் முடிவு உட்பட எல்லாமே இதில் பேசப்படுகிறது.

பின்னணி: புத்தகம்

‘வாட்ச்மென்’ 1986, 1987 ஆண்டுகளில் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் வெளியிட்ட 12 இதழ்த் தொடர். பிரிட்டனைச் சேர்ந்த ஓர் எழுத்தாளரும் ஓர் ஓவியரும் சேர்ந்து செய்தது. வசன எழுத்துகளையும் ஓவியரே எழுதினார், வண்ணம் மூன்றாமவர். கதை நடப்பது 1985-இன் நியூயார்க்கில். ஆனால் அது நாம் அறிந்த 1985 இல்லை. வியட்நாம் போரில் அமெரிக்கா வென்றுவிட்டது, நிக்சன் இன்னமும் அதிபர், முகமூடி மனிதர்களுக்கு 1977-லேயே சட்டப்படி தடை. உண்மையான அதிமனித ஆற்றல் ஒருவருக்கு மட்டும்தான்: டாக்டர் மன்ஹாட்டன். மற்றவர்கள் எல்லாரும் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அணுப்போர் நெருங்கும் வேளையில், ஏட்ரியன் வைட் என்ற முன்னாள் நாயகன் ஒரு பொய்யான பேரழிவை உண்டாக்கி உலகத்தைச் சேர்த்துவைக்கத் திட்டமிடுகிறான்.

பக்கத்தின் அடிப்படை வடிவம் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம். இரண்டு கட்டத்தை இணைத்துப் பெரிதாக்கினாலும் கண்ணுக்குத் தெரியாமல் அந்தச் சட்டகம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். வாசகனின் கண் ஒரே தாளத்துக்குப் பழகிவிடுகிறது. அதனால் அந்தத் தாளம் உடையும் இடம் நெஞ்சில் அடிக்கிறது. 12-ஆம் இதழின் முதல் ஆறு பக்கங்கள் ஆறு முழுப்பக்கப் படங்கள்: தெருவெல்லாம் பிணங்கள். அதுவரை பதினொரு இதழ்கள் ஒன்பது கட்டத்தில் நடந்துவந்ததால்தான் அந்த ஆறு பக்கமும் அவ்வளவு கனக்கின்றன.

இன்னும் இரண்டு அமைப்புகளை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும். முதலாவது, முதல் 11 இதழ்களின் கடைசியிலும் வரும் உரைநடைப் பக்கங்கள். ஒரு முன்னாள் நாயகரின் சுயசரிதை அத்தியாயம், மனநல மருத்துவரின் கோப்பு, பறவைகளைப் பற்றிய கட்டுரை, வணிகக் கடிதங்கள் எனப் பல வகை. இரண்டாவது, தெருமுனை. நியூயார்க்கின் ஒரு சந்திப்பில் பத்திரிகைக் கடை நடத்தும் பெரியவர் ஒருவர் போவோர் வருவோரிடமெல்லாம் போரைப் பற்றிப் பேசுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிறுவன் காசு கொடுக்காமலே ஒரு கடற்கொள்ளைக் காமிக்ஸைப் படித்துக்கொண்டிருக்கிறான். நிஜத்திலேயே சூப்பர் ஹீரோக்கள் இருக்கும் உலகத்தில் மக்கள் விரும்பிப் படிப்பது கடற்கொள்ளைக் கதைகளைத்தான் என்பது எழுத்தாளரின் அழகான ஊகம்.

அந்தக் கதைக்குள் கதையில், கப்பல் உடைந்து தப்பிய ஒருவன், தோழர்களின் பிணங்களைக் கட்டித் தெப்பம் செய்து, தன் ஊரைக் காப்பாற்ற விரைகிறான். காப்பாற்றுகிறோம் என்று நம்பி அவனே கொலைகாரன் ஆகிறான். வைட்டின் கதையும் அதுதான்.

பின்னணி: இருபது ஆண்டு இழுபறி

தொடர் வெளிவரத் தொடங்கிய 1986-லேயே படமாக்கும் உரிமை கைமாறிவிட்டது. டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடம் தொடங்கிய முயற்சி வார்னர் பிரதர்ஸ், யுனிவர்சல், பாரமவுன்ட் எனப் பல ஸ்டூடியோக்களைச் சுற்றியது. இடையில் ஏற்றுக்கொண்ட ஓர் இயக்குநர் இதை இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் சுருக்கினால் சாரமே போய்விடும், ஐந்து மணி நேரத் தொடராக எடுப்பதே பொருந்தும் என்று சொல்லி விலகினார். பின்னால் வந்த ஒரு திரைக்கதை, கதையையே நிகழ்காலத்துக்கு நகர்த்திப் பயங்கரவாத எதிர்ப்புப் போரின் பின்னணியில் வைத்தது. 2005-இல் பாரமவுன்டும் கைவிட்டது.

இழுபறிக்குக் காரணம் எளிய கணக்கு. புத்தகத்தில் சித்திரப் பக்கங்கள் மட்டும் சுமார் 330. படம் 162 நிமிடம். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் ஒன்பது கட்டம் என்றால் ஒரு கட்டத்துக்கு மூன்றே கால் விநாடி. அதற்குள் வசனமும் அடங்க வேண்டும். பின்னர் இதே புத்தகத்தை ஒரே குரல் நடிகரை வைத்து, படங்களுக்கு லேசான அசைவு கொடுத்து, 12 பகுதிகளாக வெளியிட்டார்கள். அது ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. விலகிய இயக்குநரின் மதிப்பீடு எவ்வளவு துல்லியம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

வார்னர் பிரதர்ஸுக்காகப் புதிதாகப் பொறுப்பேற்ற இயக்குநர் முதலில் செய்தது கதையை 1985-க்கே திருப்பியது. நிக்சனும் அணுப்போர் அச்சமும் இல்லாவிட்டால் வைட்டின் திட்டத்துக்கு அடிப்படையே இல்லை. இந்த முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது, புத்தகத்தின் கட்டங்களையே ஷாட்டுகளுக்கு வரைபடமாக வைத்துக்கொண்டது. எந்தக் கோணம், யார் எங்கே நிற்கிறார், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதையெல்லாம் பல காட்சிகளில் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒப்பிடலாம். படப்பிடிப்பு 2007 செப்டம்பரில் வான்கூவரில் தொடங்கியது. தெருமுனையைக் கடைகள், சுவரொட்டிகளோடு முழு அரங்கமாகக் கட்டினார்கள். மன்ஹாட்டனாக நடித்தவருக்குச் சுமார் 2,500 நீல எல்இடி விளக்குகள் பதித்த உடை. உருவத்தைப் பின்னர் கணினியில் மாற்றினாலும், அவர் உடலின் நீல ஒளி எதிரில் நிற்பவர் முகத்திலும் சுவரிலும் நிஜமாகவே விழ வேண்டும் என்பது நோக்கம். அது பலித்தது. அந்த ஒளி இல்லாவிட்டால் அவர் காட்சிக்குள் ஒட்டாமல் மிதந்திருப்பார்.

மூன்றாவது முடிவு, அசையாத கட்டத்தின் அழுத்தத்தை ஸ்லோ மோஷனால் பிடிப்பது. அடி விழும் கணத்தில் வேகத்தைக் குறைத்து, உடனே கூட்டுவது.

நான்காவது, கடற்கொள்ளைக் கதையைப் படத்திலிருந்து பிரித்தது. நடிகர்களை வைத்து எடுத்தால் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்ற கணக்கு வந்ததால் அதை அனிமேஷனாகச் செய்து தனி டிவிடியாக வெளியிடத் தீர்மானித்தார்கள்.

ஐந்தாவது, அதிகம் பேசப்பட்டது: முடிவை மாற்றியது. புத்தகத்தில் வைட், வேற்றுலகப் பிராணிபோல் தோன்றும் ஒரு ராட்சதக் கணவாயை உருவாக்கி நியூயார்க்கின் நடுவில் தோன்றச் செய்கிறான்; அதன் மன அதிர்வில் நகரில் பாதிப்பேர் சாகிறார்கள். படத்தில் மன்ஹாட்டனின் ஆற்றலைப் போலியாக உண்டாக்கி உலகின் பல பெருநகரங்களை அழித்து, பழியை அவர்மேல் போடுகிறான். கணவாயை வைத்திருந்தால் அதற்கான ரகசியத் தீவு, அங்கே கூட்டிவைக்கப்பட்ட கலைஞர்கள், மனோசக்தி கொண்ட ஒருவரின் மூளையிலிருந்து வளர்த்தது என அத்தனைக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை.

திரையில் கவனித்தவை: கைகூடியவை

பெயர்கள் ஓடும் தொடக்கப் பகுதியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1940-களின் முகமூடிக் குழு தொடங்கி, கென்னடி கொலை, தடைச் சட்டம் வரையிலான நாற்பது ஆண்டு வரலாறு கிட்டத்தட்ட அசையாப் படங்களாக, ஒரே பாட்டுக்குள் நகர்கிறது. புத்தகத்தில் அப்படி ஒரு பகுதியே கிடையாது. ஆனால் இதழ்களின் கடைசியில் வந்த உரைநடைப் பக்கங்கள் செய்த வேலையை இது செய்துவிடுகிறது. கட்டங்களைப் பெரும்பாலும் நகலெடுக்காமல், புத்தகத்துக்கு மிக நெருக்கமாக வந்த இடம் இது.

செவ்வாய்க் கிரகப் பகுதியும் அப்படியே. நான்காம் இதழில் மன்ஹாட்டன் கையில் ஒரு பழைய புகைப்படத்தோடு நிற்கிறார். அவருக்கு நேற்று, இன்று, நாளை மூன்றும் ஒரே சமயத்தில் நடப்பவை. பக்கத்தில் இது இயல்பாகவே கைகூடும். ஒன்பது கட்டமும் ஒரே பார்வையில் கண்ணில் படுகின்றனவே. திரையில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான். அந்த இடைவெளியை அடைக்க மூன்று பொருள்கள் போதுமானவையாக இருந்தன: உணர்ச்சி ஏறாத பின்னணிக் குரல், ஒரே சுருதியைத் திரும்பத் திரும்பச் சுற்றும் இசை, ஆண்டுகளுக்கிடையில் தயக்கமில்லாமல் தாவும் எடிட்டிங்.

கைகூடாதவை

ரோர்ஷாக் என்ற நாயகனின் முகமூடியில் மைக்கறைகள் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். புத்தகத்தில் இந்தக் கட்டத்தில் ஒரு வடிவம், அடுத்ததில் வேறொன்று. மாறும் கணத்தை யாரும் பார்த்ததில்லை. அந்த மாற்றத்தை வாசகனின் மனம் கட்டங்களுக்கு நடுவிலிருக்கும் வெள்ளைக் கோட்டில் செய்துகொள்கிறது. படத்தில் மை கண்ணெதிரே ஊர்ந்து ஓடுகிறது. பார்க்க அற்புதமான கணினி வேலை. ஆனால் முகத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் வேலை பார்வையாளனிடமிருந்து போய்விட்டது. வசன பலூன்களுக்கும் இதே கதி: ரோர்ஷாக்கின் பலூனுக்குக் கிழிசலான ஓரம், மன்ஹாட்டனுடையதற்கு நீல நிறம். திரையில் இவற்றுக்கு ஈடு குரல் ஒன்றுதான். கரகரத்த குரல் ஒருவருக்கு, மென்மையான குரல் இன்னொருவருக்கு எனத் தேர்ந்தது சரியான தீர்வு.

ஐந்தாம் இதழ் முழுக்க ஒரு கண்ணாடிப் பிம்பம். 28 பக்கங்களில் முதல் பக்கத்தின் அமைப்பு கடைசிப் பக்கத்தோடும், இரண்டாவது கடைசிக்கு முந்தியதோடும் பொருந்தி, நடுவில் 14, 15-ஆம் பக்கங்களில் சந்திக்கின்றன. இதை உணர வாசகன் முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். திரையரங்கில் புரட்ட முடியாது. படக்குழு இதைத் தொடவே இல்லை. முடியாததை விட்டுவிட்டதில் தவறில்லை.

சண்டைக் காட்சிகள் வேறு. இங்கே தவறு இருக்கிறது. தொடக்கத்தில் காமெடியன் என்ற நாயகன் கொல்லப்படுவது புத்தகத்தில் சிவப்பு வண்ணத்தில் சில துண்டுக் கட்டங்களாக, துப்பறிவாளர்களின் சாவகாசமான பேச்சுக்கு நடுநடுவே வரும். படத்தில் அது நீண்ட மோதல். அடிபட்ட சுவர்கள் நொறுங்குகின்றன. சந்தில் நடக்கும் சண்டையில் கையெலும்பு தோலைக் கிழித்து வெளியே வருகிறது. மன்ஹாட்டனைத் தவிர யாருக்கும் அதிமனித ஆற்றல் இல்லை என்ற கதையின் அடித்தளமே இதில் ஆட்டம் காண்கிறது. ஸ்லோ மோஷன் முடிவின் நேரடி விளைவு இது. புத்தகக் கட்டத்தில் காலம் மெதுவாக ஓடுவதில்லை. எவ்வளவு நேரம் அங்கே நிற்பது என்பதை வாசகன் முடிவு செய்கிறான். அந்த உரிமையை எடுத்துக்கொண்ட கேமரா அடியின்மேல் நின்றது. நின்ற இடம் அழகாகிவிட்டது. வன்முறையின்மேல் கூச்சம் வரவேண்டிய கதையில் பரவசம் வந்தது.

தெருமுனைக்கு என்ன நடந்தது

முடிவைப் பற்றிய வாதம் பெரும்பாலும் கணவாயிலேயே நின்றுவிடுகிறது. மாற்றத்தை ஆதரிப்பவர்கள், மன்ஹாட்டன் பூமியை விட்டுப் போவதற்கு இதில் வலுவான காரணம் கிடைக்கிறது என்கிறார்கள், நியாயம்தான். எதிர்ப்பவர்கள், மன்ஹாட்டன் அமெரிக்காவின் ஆயுதம், ஆகவே உலகம் அமெரிக்காவைத்தான் பழிக்கும், சமாதானம் எப்படி வரும் என்று கேட்கிறார்கள், அதுவும் நியாயம். ஆனால் இந்த நிகழ்வை ஆராய்ந்ததில் இழப்பு நேர்ந்த இடம் வேறு என்றே படுகிறது.

புத்தகத்தின் 11-ஆம் இதழில், அதுவரை தனித்தனியாக வந்த சிறு மனிதர்கள் எல்லாரும் அந்தத் தெருமுனைக்கு வந்து சேர்கிறார்கள். ரோர்ஷாக்குக்குச் சிகிச்சை அளித்துத் தன் நிம்மதியை இழந்த மனநல மருத்துவர், அவரைப் பிரிந்த மனைவி, இரண்டு துப்பறிவாளர்கள், காதலியோடு சண்டைபோடும் டாக்சி ஓட்டுநர். சண்டையை விலக்க எல்லாரும் ஓடுகிறார்கள். கடைக்காரப் பெரியவருக்கும் சிறுவனுக்கும் ஒரே பெயர் என்பதே அப்போதுதான் தெரியவருகிறது. அடுத்த நொடி வெளிச்சம். பெரியவர் சிறுவனை அணைத்துக்கொள்கிறார். கட்டம் கட்டமாக இருவரும் வெள்ளையில் கரைகிறார்கள். அடுத்த இதழின் ஆறு பக்கப் பிணங்களில் வாசகனுக்கு முகம் தெரிந்தவர்கள் கிடக்கிறார்கள்.

திரையரங்கப் பதிப்பில் இந்த மனிதர்களின் தெருமுனைக் காட்சிகள் ஏறக்குறைய இல்லை. ஏன் என்று பின்னோக்கிப் போனால் நான்காவது முடிவில் போய் முட்டும். கடற்கொள்ளைக் கதையை எடுத்ததும் சிறுவனுக்குப் படிக்க ஒன்றுமில்லை. அவன் இல்லாவிட்டால் பெரியவர் பேச ஆளில்லை. பெரியவர் இல்லாவிட்டால் அந்த முனைக்குக் கேமரா திரும்பத் திரும்பப் போகக் காரணமில்லை. அந்தக் கடற்கொள்ளைக் கதையை எழுதியவரோ வைட்டின் தீவில் கணவாய்க்காக உழைத்துக் காணாமல்போன எழுத்தாளர். ஆக, அந்த நூலும் அறுந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான வெட்டு. சேர்ந்து விழுந்தபோது, பேரழிவு நேரும் இடத்தில் நமக்குத் தெரிந்தவர் யாரும் மிஞ்சவில்லை. திரையில் காண்பது ஒரு பெரிய பள்ளம், பிணங்களும் இல்லை. அந்தப் பள்ளத்தைக் கணவாய் உண்டாக்கியிருந்தாலும் இதே வெறுமைதான் இருந்திருக்கும்.

விளைவுகள்

படப்பிடிப்பு முடிந்த 2008 பிப்ரவரியில் ஃபாக்ஸ் உரிமை கோரி வழக்குப் போட்டது. டிசம்பரில் நீதிமன்றம் அதன் பக்கம் சாய, 2009 ஜனவரியில் சமரசமானது. படம் மார்ச் 6-இல் வெளியானது. மூல எழுத்தாளர் தன் பெயர் வேண்டாம் என்று மறுத்துவிட்டதால் திரையில் ஓவியர் பெயர் மட்டுமே வந்தது. அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல் சுமார் 5.5 கோடி டாலர். இரண்டாம் வார இறுதியில் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழிறங்கி 1.8 கோடியைத் தொட்டது. உலக வசூல் சுமார் 18.5 கோடி. செலவு 13 கோடி அளவில் இருந்ததையும், வசூலில் திரையரங்குகளின் பங்கையும் விளம்பரச் செலவையும் கணக்கில் எடுத்தால் இது ஸ்டூடியோ எதிர்பார்த்த வெற்றி இல்லை.

அதே ஆண்டு வீட்டுக் காணொலியாக இரண்டு நீண்ட பதிப்புகள் வந்தன. 186 நிமிட இயக்குநர் பதிப்பில், முன்னாள் நாயகர் ஹாலிஸ் மேசன் கொல்லப்படும் காட்சி திரும்பியது. 215 நிமிடப் பதிப்பில் கடற்கொள்ளை அனிமேஷனும் தெருமுனையும் சேர்ந்தன. நீளம்தான் பிரச்சினை என்றால் இது தீர்வாகியிருக்க வேண்டும். ஆனால் புத்தகத்தில் கடற்கொள்ளைக் கதையின் வாசகங்கள் தெருமுனைக் கட்டங்களின் மேலேயே படிந்து வரும். பெரியவரின் பேச்சும் தப்பியவனின் புலம்பலும் ஒரே கட்டத்தில் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். படத்தில் அனிமேஷன் முழுத்திரையையும் பிடித்துக்கொள்கிறது. அது வரும்போதெல்லாம் மூலக்கதை நின்றுபோகிறது. பொருள் திரும்பக் கிடைத்தது. இரண்டுக்கும் இருந்த உறவு கிடைக்கவில்லை.

2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியான ஹெச்பிஓ, புத்தகத்தின் தொடர்ச்சியாக ஒன்பது பகுதித் தொடரை எடுத்தது. எந்தக் கட்டத்தையும் நகலெடுக்கவில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்ட 1921 டுல்சா படுகொலையில் தொடங்கி, கணவாய் விழுந்த இரவில் உயிர்பிழைத்த ஒருவனின் நடுக்கத்தைப் பல்லாண்டுகளுக்குப் பிறகும் காட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு 11 எம்மி விருதுகள் கிடைத்தன. அந்தத் தொடரில் கணவாய் சில நிமிடமே வருகிறது. பயந்த ஒரு மனிதனின் முகம் வழியாக வருவதால் அது நம்பும்படி இருக்கிறது.

மறுபடி செய்வதானால்

ஸ்டோரிபோர்டு (ஷாட்டுகளின் முன்வரைபடம்) வரையும் முன்பே ஒரு பட்டியல் தயாராக வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரே, அதில் என்ன வரைந்திருக்கிறது என்பதோடு அந்தப் பக்கம் வாசகனை என்ன செய்கிறது என்றும் ஒரு வரி. மூன்றாவதாக, எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தைத் தாங்குகிறது என்ற குறிப்பு. இந்த மூன்றாவது குறிப்பு இருந்திருந்தால், கடற்கொள்ளைக் கதையை நீக்கும் முன்பே 12-ஆம் இதழின் ஆறு பக்கங்கள் ஆட்டம் காண்பது கண்ணில் பட்டிருக்கும்.

கடற்கொள்ளைக் கதையை அனிமேஷனாக்காமல், சிறுவன் வாய்விட்டுப் படிக்கும் குரலாக மட்டும் வைத்திருக்கலாம். பெரியவரின் புலம்பல் மேலே, சிறுவனின் குரல் கீழே, தேவைப்படும் இடத்தில் அவன் கையிலுள்ள பக்கத்தின் குளோசப். இரண்டும் மீண்டும் ஒரே ஃபிரேமுக்குள் வந்துவிடும், செலவும் இல்லை. நிமிடக் கணக்கு ஒத்துவருமா? ஒன்றரை நிமிடக் காட்சிகள் ஐந்து இருந்தால் ஏழரை நிமிடம். தொடக்கக் கொலை, சந்துச் சண்டை, சிறைச் சண்டை மூன்றிலிருந்தும் ஸ்லோ மோஷனை வெட்டினாலே அதில் கணிசமான பகுதி கிடைக்கும். வன்முறையின் பரவசமும் அதோடு குறையும்.

ரோர்ஷாக்கின் முகமூடியை ஷாட்டுக்குள் அசையவிடாமல், ஷாட் மாறும்போது மட்டும் மாற்றலாம். அவர் முகம் திரையில் இருக்கும்போது கறை அசையாது. எதிராளியைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது வேறு வடிவம். கணினி வேலையும் குறையும்.

2018-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டூ தி ஸ்பைடர்-வெர்ஸ்’ அனிமேஷன் படம் இந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் காட்டிவிட்டது. பல இடங்களில் சிறுவன் மைல்ஸின் ஒவ்வொரு அசைவையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினார்கள். அவனுக்குக் கற்றுத்தரும் அனுபவசாலியின் அசைவு ஃபிரேமுக்கு ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போது ஒருவன் இன்னும் கற்றுக்கொள்கிறான் என்பது கண்ணுக்கே தெரிகிறது. எந்தக் காமிக்ஸ் பக்கத்திலும் இந்த உத்தி கிடையாது.

முடிவைப் பொறுத்தவரை, மன்ஹாட்டன்மேல் பழி போடும் மாற்றத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். திருத்த வேண்டியது அதற்குப் பிந்திய ஷாட். பள்ளத்தை வானத்திலிருந்து காட்டுவதற்குப் பதில் பத்திரிகைக் கடையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு உடலாக, இசையில்லாமல், ஒவ்வொன்றிலும் சில விநாடி நின்று ஆறு ஷாட்.

2024-இல் இதே புத்தகம் இரண்டு பாகமாக அனிமேஷனில் வந்தபோது கணவாய் திரும்பியது. கடையும் சிறுவனும் கூடவே திரும்பினார்கள்.